குழந்தைகளின் தோல் தடிப்பு: எந்த நாளில் வந்தது என்பதே முதல் கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைகளுக்கு வரும் தோல் தடிப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையை வாசித்தேன். குழந்தை மருத்துவத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தப் பொருளுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதை வரவேற்கிறேன். ஆனால் வரிசையாகப் படங்களை அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு நோயின் பெயரை அச்சிட்டு, குழந்தையின் தோலோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லும் அமைப்பில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. காய்ச்சலோடு வரும் தடிப்பை அடையாளம் காண்பதில், அதன் தோற்றத்தைவிட, அது எந்த நாளில், எந்த இடத்தில் தொடங்கி, எந்தப் பக்கமாகப் பரவியது என்ற விவரமே பெரிதும் உதவுகிறது. அந்த விவரம் பெற்றோரிடம்தான் இருக்கிறது. மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மூன்று நாளுக்கு முன் குழந்தையின் காதுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை அவர் பார்த்திருக்க முடியாது.

படத்தை நம்புவதில் உள்ள முதல் சிக்கல் தோலின் நிறம். தடிப்பு ‘சிவப்பாக’ இருக்கும் என்று மருத்துவ நூல்கள் சொல்வது வெளிர்நிறத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அவற்றில் உள்ள படங்களும் பெரும்பாலும் அத்தகைய தோலில் எடுக்கப்பட்டவையே. கருநிறத் தோலில் அதே தடிப்பு பழுப்பாகவோ, ஊதா சாயலிலோ, சில சமயம் நிற மாற்றமே தெரியாமல் வெறும் சொரசொரப்பாகவோ இருக்கும். எனவே பகல் வெளிச்சத்தில் பார்ப்பதோடு, உள்ளங்கையால் தடவியும் பார்க்க வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால், கீழிமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் நிறமி குறைவு என்பதால், எந்த நிறத் தோலுடைய குழந்தைக்கும் அங்கே பார்ப்பது பயன் தரும். இரண்டாவது சிக்கல், வெவ்வேறு வைரஸ்கள் ஏறக்குறைய ஒரே தோற்றமுள்ள தடிப்பை உண்டாக்குவது. காய்ச்சலும் உடல் முழுவதும் சிறு புள்ளிகளுமாக வரும் குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு எந்த வைரஸ் என்று கடைசிவரை பெயர் சொல்லவே முடியாது. சில நாளில் அது தானாகவே அடங்கிவிடும். ‘ஏதோ ஒரு வைரஸ்’ என்று மருத்துவர் சொன்னால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். ஆபத்தானவற்றை விலக்கிய பின் சொல்லப்படும்போது அது நேர்மையான விடை.

தேதிகளைக் குறித்து வைப்பதன் பயன் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது அன்று. 1846-இல் வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, டென்மார்க் அரசால் அங்கு அனுப்பப்பட்ட இளம் மருத்துவர் பீட்டர் பானும், எந்த ஊரில் யார் எந்த நாளில் நோயாளியைச் சந்தித்தார், எந்த நாளில் அவருக்குத் தடிப்பு வந்தது என்று வீடு வீடாகக் கேட்டுக் குறித்தார். நுண்ணுயிர்களே நோய்க்குக் காரணம் என்ற கோட்பாடே நிலைபெறாத அந்தக் காலத்தில், தொற்று ஏற்பட்டு 13 அல்லது 14 நாள் கழித்துத் தடிப்பு தோன்றுகிறது என்பதையும், அதற்கு முந்தைய பரவலில், அதாவது 1781-இல், நோய்வாய்ப்பட்டுப் பிழைத்த முதியவர்களுக்கு அது மறுபடி வரவில்லை என்பதையும் அவரால் உறுதிப்படுத்த முடிந்தது. அவரிடம் நுண்ணோக்கியில் கண்ட சான்று எதுவும் இல்லை. மனிதர்கள் நினைவில் வைத்திருந்த தேதிகளே போதுமானவையாக இருந்தன.

தட்டம்மையையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் தங்கள் கட்டுரை அதை மற்றவற்றோடு ஒன்றாகச் சில வரிகளில் முடித்துவிட்டது. தட்டம்மையில் தடிப்பு முதல் அறிகுறி கிடையாது. முதலில் கடும் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவந்து நீர் வடிதல் ஆகியவை வரும். வெளிச்சத்தைப் பார்க்கக் குழந்தை கூசும். இரண்டு மூன்று நாளில் கன்னத்தின் உட்புறத்தில், கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, சிவந்த பரப்பின் மேல் உப்புத்துகள் அளவில் வெண்புள்ளிகள் தோன்றக்கூடும். 1896-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கோப்லிக் விவரித்த இந்தப் புள்ளிகள், தோலில் ஒன்றுமே இல்லாத நேரத்தில் நோயைக் காட்டிக்கொடுப்பவை. ஓரிரு நாளில் மறைந்தும் விடுபவை. காய்ச்சல் தொடங்கி மூன்று முதல் ஐந்து நாளில்தான் நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலும் காதுக்குப் பின்னாலும் தடிப்பு எழுந்து, முகம், கழுத்து, மார்பு, கை, கால் என மேலிருந்து கீழாக இறங்கும். அப்போது காய்ச்சல் தணியாமல் இன்னும் ஏறும். காலில் தடிப்பு வந்து சேரும் நேரத்தில் முகத்தில் மங்கத் தொடங்கியிருக்கும். அந்த நிலையில் எடுத்த ஒரு படத்தைப் பார்த்து நோயைச் சொல்ல முயல்பவர் தவறுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

இது ஏன் முக்கியம் என்றால், தட்டம்மை வந்த குழந்தை தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்து, தோன்றி நான்கு நாள் வரை பிறருக்குப் பரப்பும். நோயாளி அறையை விட்டுச் சென்ற பிறகும் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் காற்றில் தங்கியிருக்கும். எதிர்ப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். அதனால் இந்த ஐயம் உள்ள குழந்தையைக் கூட்டம் நிறைந்த மருத்துவமனைக் காத்திருப்பு அறைக்கு நேராகக் கூட்டிச் செல்லாமல், முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லித் தனி இடம் கேட்பது நல்லது. தடுப்பூசி போடாத உடன்பிறந்தோருக்குத் தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கவோ கடுமையைக் குறைக்கவோ முடியும். தடுப்பூசி போட முடியாத கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ஆறு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரத ஊசி மருந்தைத் தரலாம். இங்கும் கணக்கு தேதியில்தான் நிற்கிறது. வைரஸைக் கொல்லும் மருந்து தட்டம்மைக்குக் கிடையாது. ஆனால் வைட்டமின் ஏ உண்டு: நோய் கண்ட எல்லாக் குழந்தைகளுக்கும் அடுத்தடுத்த இரண்டு நாள் ஒவ்வொரு வேளை கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆறு மாதத்துக்குக் குறைந்தவர்களுக்கு 50,000 அலகு, ஆறு முதல் பதினொரு மாதம் வரை 1,00,000 அலகு, ஒரு வயதும் அதற்கு மேலும் 2,00,000 அலகு என்பது ஒரு வேளையின் அளவு. கண்பார்வையையும் உயிரையும் காக்கும் இந்த மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே தர வேண்டும். அளவு மீறினால் அதுவே நஞ்சாகும். நிமோனியா, காதில் சீழ், வயிற்றுப்போக்கு, அரிதாக மூளை அழற்சி என்று தட்டம்மையின் பின்விளைவுகள் பல இருப்பதால், ‘எல்லாக் குழந்தைக்கும் வந்து போவதுதானே’ என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

தடுப்பூசியைப் பற்றிப் பேசும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தட்டம்மைத் தடுப்பூசி போட்ட ஒரு வாரம் அல்லது பத்து நாள் கழித்துச் சில குழந்தைகளுக்கு இலேசான காய்ச்சலும் மெல்லிய தடிப்பும் வருவதுண்டு. இரண்டு மூன்று நாளில் போய்விடும். நலமாக உள்ள பிறருக்குப் பரவும் நோயும் அன்று. தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுவந்தால் மருத்துவரின் குழப்பம் அந்த இடத்திலேயே தீரும்.

இதற்கு நேர்மாறான வரிசை உள்ள நோய் ரோசியோலா. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்கே பெரும்பாலும் வரும். மனித ஹெர்ப்பிஸ் வைரஸ் 6 என்பதே இதற்கு முதன்மைக் காரணம் என்று 1988-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நிறுவினர். திடீரென்று 39, 40 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்து மூன்று முதல் ஐந்து நாள் நிற்கும். அந்த ஏற்றத்தில் சிலருக்குக் காய்ச்சல் வலிப்பும் வரலாம். பிறகு காய்ச்சல் சட்டென்று இறங்கும். அதன் பின்னரே மார்பிலும் முதுகிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றி, ஓரிரு நாளில் தடமின்றி மறையும். காய்ச்சல் ஏறும்போது தடிப்பு வருவது தட்டம்மை, காய்ச்சல் விட்டபின் தடிப்பு வருவது ரோசியோலா என்று நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறு நேராது. தடிப்பு வந்தபோது குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தால் சிகிச்சை என்று தனியாக ஒன்றும் தேவையில்லை.

ஆனால் இந்தத் தீங்கற்ற நோய் ஒரு நீண்டகாலத் தீங்குக்கு வழி வகுக்கிறது, அதைப் பற்றி எழுதுவோர் குறைவு. மூன்று நாள் காய்ச்சல் இறங்காததைக் கண்டு யாரோ அமாக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகை ஆன்டிபயாடிக் ஒன்றைத் தொடங்கியிருப்பார்கள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டுத் தடிப்பு வரும். உடனே ‘இந்தக் குழந்தைக்குப் பெனிசிலின் ஒவ்வாமை’ என்று ஏட்டில் எழுதப்பட்டுவிடும். வைரஸ் தன் போக்கில் போட்ட கோலத்துக்கு மருந்து பழி சுமக்கிறது. பிறகு அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவரான பின்னும், எளிய மருந்து போதுமான இடத்தில் விலை கூடிய, பக்கவிளைவு மிகுந்த மருந்துகளைப் பெற நேரிடும். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர் என்று குறிக்கப்பட்டவர்களை முறைப்படி சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அந்த ஒவ்வாமை இல்லை என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. ஆகவே எந்த மருந்தை எந்த நாளில் எத்தனையாவது வேளை கொடுத்தபோது தடிப்பு வந்தது, கொடுத்து எவ்வளவு நேரத்தில் வந்தது, முகமோ உதடோ வீங்கியதா, மூச்சு இழுத்ததா என்பதைப் பெற்றோர் எழுதி வைக்க வேண்டும். மருத்துவரும் ஒவ்வாமை என்று எழுதும் முன் ஒரு கணம் தயங்க வேண்டும். மருந்தால் வரும் தடிப்பில் உண்மையிலேயே அஞ்ச வேண்டிய ஒன்று உண்டு: உதடு, வாய், கண், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் புண் ஏற்பட்டு, தோல் வலியெடுத்துக் கொப்புளித்து உரிவது. அப்போது மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சின்னம்மையை ஏறக்குறைய எல்லாரும் அறிவர் என்பதால் அடையாளத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதலில் உடம்பின் நடுப்பகுதியிலும் தலையிலும் முகத்திலும் அரிக்கும் புள்ளிகள் எழும். அவை சில மணி நேரத்தில் நீர்க்கொப்புளமாகி, பின் காய்ந்து பொருக்காகும். அதற்குள் அடுத்த தொகுதி எழும். இதனால் ஒரே இடத்தில் புதுப் புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றும் சேர்ந்து காணப்படும். பெரியம்மையில் எல்லாக் கொப்புளங்களும் ஒரே பருவத்தில் இருக்கும். அவ்விரண்டையும் தனித்தனி நோய்கள் என்று 1767-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் பிரித்துக் காட்டினார். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980-இல் அறிவிக்கப்பட்டபின், அந்த வேறுபாடு மாணவர்களுக்குப் பாடமாக மட்டும் எஞ்சியிருக்கிறது.

சின்னம்மையைப் பற்றித் தங்கள் கட்டுரையில் திருத்த வேண்டிய வரி ஒன்று இருக்கிறது. பொருக்குகள் எல்லாம் உதிரும்வரை நோய் பரவும் என்று அதில் உள்ளது. உண்மையில் தடிப்புக்கு ஓரிரு நாள் முன்பிருந்து, எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரைதான் பரவும். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாளில் இது முடிந்துவிடும். காய்ந்த பொருக்கு உதிர மேலும் ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்காகக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருக்கத் தேவையில்லை. குளிப்பாட்டினால் கொப்புளம் கூடும் என்பதற்கும் அடிப்படை இல்லை. இளஞ்சூட்டு நீரில் மென்மையாகக் குளிப்பாட்டி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்தால் அரிப்பும் சீழ் பிடிப்பதும் குறையும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுவதும், காலமைன் தடவுவதும், தூங்க விடாத அரிப்புக்கு மருத்துவர் சொல்லும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தும் போதும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தரலாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது. சின்னம்மையோ ஃப்ளூவோ வந்த குழந்தைக்கு அதைக் கொடுப்பது கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரெய் நோய்க்குறிக்கு வழிவிடக்கூடும். ஐபுப்ரோஃபெனையும் சின்னம்மையின்போது தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அதன் பயன்பாட்டுக்கும் தோலின் ஆழத்தில் பரவும் கடும் பாக்டீரியாத் தொற்றுக்கும் தொடர்பு காணப்பட்டுள்ளது. நலமாக உள்ள சிறு குழந்தைக்கு அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து பொதுவாகத் தேவைப்படாது. பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள், எக்சிமா போன்ற நாள்பட்ட தோல் நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் ஆகியோருக்குத் தடிப்பு தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதனால் பயன் அதிகம். பச்சிளங்குழந்தை, கர்ப்பிணி, எதிர்ப்பாற்றல் குறைந்தவர் ஆகியோர் நோயாளியின் அருகில் இருந்திருந்தால், அவர்களுக்குத் தடிப்பு வரும்வரை காத்திராமல் மருத்துவரை அணுக வேண்டும்.

கை கால் வாய் நோய் கால்நடைகளின் கோமாரிக்கு உறவுள்ளது என்று அஞ்சுவோர் இன்றும் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு வைரஸ்கள். காக்ஸாக்கி ஏ16, ஏ6, என்டெரோவைரஸ் 71 முதலியவை இதற்குக் காரணம். ஓரிரு நாள் காய்ச்சலுக்குப் பின் வாயில் புண்களும், உள்ளங்கை, உள்ளங்கால், புட்டம் ஆகிய இடங்களில் கொப்புளங்களும் வரும். சின்னம்மைக் கொப்புளம் உடம்பின் நடுவில் அடர்ந்திருக்கும். இது ஓரங்களில் அடர்ந்திருக்கும். தோலில் இருப்பதைவிட வாயில் இருப்பதே தொல்லை. வலியால் குழந்தை விழுங்க மறுப்பதால் நீர்ச்சத்து வற்றிவிடுகிறது. குளிர்ந்த திரவங்களைச் சிறிது சிறிதாகக் கொடுத்தும், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தூக்கத்தில் அடிக்கடி தூக்கிவாரிப் போடுதல், நடை தள்ளாடுதல், ஓயாத வாந்தி, அளவு மீறிய சோர்வு ஆகியவை மூளையும் நரம்பும் பாதிக்கப்படுவதன் அறிகுறிகள். என்டெரோவைரஸ் 71-இல் இவற்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஆல்கஹால் கைத்திரவத்தை இந்த வைரஸ்கள் ஓரளவு தாக்குப்பிடிப்பதால் சோப்பும் நீருமே மேல். மலத்தில் பல வாரம் வைரஸ் வெளியேறும் என்பதால், புண் ஆறிய பிறகும் கழிப்பறைக்குப் பின்னும் அணையாடை மாற்றிய பின்னும் கை கழுவுவதைத் தொடர வேண்டும். நோய் போய்ச் சில வாரம் கழித்து நகங்கள் அடியிலிருந்து கழன்று வருவதும் உண்டு. பெற்றோரை நடுங்க வைக்கும் இக்காட்சிக்கு மருந்து வேண்டாம். புது நகம் முளைத்துவிடும்.

ரூபெல்லாவும் ஐந்தாம் நோயும் குழந்தைக்குச் சிறியவை; குழந்தையின் அருகில் இருக்கும் கர்ப்பிணிக்குப் பெரியவை. ரூபெல்லாவில் இலேசான காய்ச்சல், காதுக்குப் பின்னும் பிடரியிலும் நெறி கட்டுதல், முகத்தில் தொடங்கி ஒரே நாளில் உடலெங்கும் பரவி மூன்று நாளில் மறையும் தடிப்பு ஆகியவை வரும். அதுவே கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாயைத் தொற்றினால் சிசுவுக்குக் கண்புரை, செவிட்டுத்தன்மை, இதயக் கோளாறு ஏற்படலாம் என்பதற்கான முதல் சான்றை 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் முன்வைத்தார். பிறவிக் கண்புரையுடன் வந்த குழந்தைகளின் தாய்மார்களிடம் அவர் கேட்டறிந்ததும் தேதிகளைத்தான். ஐந்தாம் நோயைப் பார்வோவைரஸ் பி19 உண்டாக்குகிறது. கன்னம் அறை வாங்கியதுபோல் சிவக்கும். கருநிறத் தோலில் அச்சிவப்பு தெரியாமலும் போகலாம். பிறகு கைகளிலும் தொடைகளிலும் வலைப்பின்னல் போன்ற தடிப்பு வந்து, வெயிலிலும் விளையாட்டுக்குப் பின்னும் சில வாரம் தோன்றித் தோன்றி மறையும். தடிப்பு வந்துவிட்ட குழந்தை பிறருக்குப் பரப்பும் கட்டத்தைக் கடந்துவிட்டது என்பதால் அதைத் தனிமைப்படுத்துவதில் பொருள் இல்லை. அதற்கு முந்தைய வாரத்தில் அருகில் இருந்த கர்ப்பிணியும், சிவப்பணு சிதையும் வகையான பரம்பரை ரத்தசோகை உள்ளவரும்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவர்கள்.

வைரஸ் தடிப்பு போலவே தோன்றி, ஆனால் குறித்த காலத்தில் சிகிச்சை தொடங்கியே ஆக வேண்டிய இரண்டு நோய்கள் தங்கள் கட்டுரையில் இடம்பெறவில்லை. ஒன்று ஸ்கார்லெட் காய்ச்சல். இது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் வருவது. தொண்டை வலி, காய்ச்சல், தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் நுண்ணிய தடிப்பு, அக்குளிலும் தொடை இடுக்கிலும் அடர்ந்த கோடுகள், சிவந்து மொட்டு மொட்டாகும் நாக்கு ஆகியவை அடையாளம். கண் கொண்டு பார்ப்பதைவிடக் கை கொண்டு அறியும் தடிப்பு இது என்பதால் படத்தில் பிடிபடாது. பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின் பத்து நாள் கொடுப்பது வழக்கமான சிகிச்சை. மூன்றாம் நாளே குழந்தை தேறிவிட்டாலும் நிறுத்தக் கூடாது, ஏனெனில் இதயத்தைத் தாக்கும் வாதக் காய்ச்சலைத் தடுப்பதே அதன் நோக்கங்களுள் ஒன்று.

மற்றொன்று, ஜப்பானிய மருத்துவர் தோமிசாகு கவாசாகி 1967-இல் விவரித்து அவர் பெயரிலேயே வழங்கும் கவாசாகி நோய். ஐந்து நாளோ அதற்கு மேலோ இறங்காத காய்ச்சல், பீளையின்றிச் சிவந்த இரு கண்கள், வெடித்துச் சிவந்த உதடு, கை கால் வீக்கம், கழுத்தில் ஒரு பக்கம் நெறி கட்டுதல், தடிப்பு ஆகியவை வரும். எல்லாம் ஒரே நாளில் தெரியாது; ஒன்று வந்து மறைந்த பின் அடுத்தது வரலாம். அதனால் நேற்றும் முந்தாநாளும் என்ன இருந்தது என்று பெற்றோர் சொன்னால்தான் இதைப் பிடிக்க முடியும். இதயத் தமனிகள் வீங்குவதே இதன் ஆபத்து. காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் நரம்பு வழி இம்யூனோகுளோபுலின் கொடுத்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். குழந்தைக்கு ஆஸ்பிரின் கூடாது என்ற விதிக்கு மருத்துவர்களே விலக்கு அளிக்கும் நோய்களுள் இது ஒன்று என்பதையும் சொல்லிவைக்கிறேன். மருத்துவமனையில் அதைக் கொடுப்பதைப் பார்த்துச் சிலர் கலவரப்படுகிறார்கள்.

காய்ச்சல் இல்லாமல் வருபவற்றுக்கு இத்தனை நாள்கணக்கு தேவையில்லை. உடலெங்கும் திட்டுத்திட்டாக வீங்கி அரிக்கும் தடிப்பில், ஒரு திட்டைப் பேனாவால் வட்டமிட்டு வைத்துப் பாருங்கள். 24 மணி நேரத்துக்குள் அது அங்கிருந்து மறைந்து வேறிடத்தில் எழுந்தால் அர்டிகேரியா. குழந்தைகளில் அதற்கு மிகப் பெரிய காரணம் உணவைவிட வைரஸ் தொற்றே, ஆகவே கண்ட உணவையெல்லாம் நிறுத்த வேண்டாம். மூச்சுத் திணறலோ நாக்கு வீக்கமோ சேர்ந்தால் மட்டும் அது அவசரம். நடுவில் சிறு குழியுடன் முத்துப் போல எழும் மொலஸ்கம் பருக்கள் பல மாதம், சில சமயம் ஓராண்டுக்கும் மேல், இருந்து தானே போகும். கிள்ளினால் பரவும், தழும்பாகும். தேன் நிறப் பொருக்குத் தட்டும் இம்பெடிகோ என்ற பாக்டீரியாத் தோல் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் வேண்டும். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தொடங்கி இரவில் தூங்கவிடாமல் அரிக்கும் சிரங்குக்கு, அரிப்பு இருப்பவர் இல்லாதவர் என்று பாராமல் வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில் பெர்மெத்ரின் களிம்பைத் தடவிக்கொண்டு, ஒரு வாரத்தில் மீண்டும் தடவ வேண்டும். சிரங்கை உண்டாக்கும் நுண்பூச்சி செத்த பின்னும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு நீடிக்கும் என்பது தெரியாமல் பலர் மருந்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்பைத் தடவும் பழக்கத்தைத் தங்கள் கட்டுரை கண்டிக்காமல் விட்டது எனக்கு ஏமாற்றமே. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் இரண்டு நாளில் அடக்கிவிடும். படர்தாமரையோ அதன் மறைவில் வட்ட வடிவத்தை இழந்து பரவிக்கொண்டிருக்கும். பிறகு பார்க்கும் மருத்துவராலும் எளிதில் அடையாளம் காண முடியாது. குழந்தையின் மெல்லிய தோல் அந்த மருந்தைப் பெரியவர்களைவிட அதிகமாக உறிஞ்சும். எக்சிமாவுக்கு மருத்துவர் பார்த்து, எந்த வீரியம், எத்தனை நாள் என்று சொல்லித் தரும் ஸ்டீராய்டு களிம்பு வேறு. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆனால் எக்சிமா உள்ள இடத்தில் திடீரென வலியோடு, குத்தி எடுத்தாற்போல் ஒரே அளவுப் புண்கள் எழுந்தால் அது ஹெர்ப்பிஸ் வைரஸ் பரவுவதாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காய்ச்சல் மருந்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. பாராசிட்டமாலை வயதைக் கொண்டு ஊகிக்காமல் எடையைக் கொண்டு கணக்கிட வேண்டும்: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மிகாமல். சிரப்புகளின் அடர்த்தி ஒன்றுக்கொன்று மாறுபடுவதால், மில்லிலிட்டரை மனப்பாடம் செய்யாமல் புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால், தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கும் பேச்சே கூடாது. பிறந்து ஒரு மாதத்துக்குள் நீர்க்கொப்புளம் தோன்றினாலும் அப்படியே.

படங்களுக்கு எதிராக இவ்வளவு எழுதிய நான், அச்சிட்டே ஆக வேண்டிய ஒரு படத்தைக் கேட்டு இக்கடிதத்தை முடிக்கிறேன். தங்கள் பக்கத்தில் அந்த ஒன்று மட்டும் இல்லை. கண்ணாடித் தம்ளரின் பக்கவாட்டைத் தடிப்பின் மேல் அழுத்திப் பார்த்தால், வைரஸ் தடிப்புகள் பெரும்பாலும் வெளிறி மறையும். தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்து வந்த புள்ளிகள் அழுத்தினாலும் மறையாமல் கண்ணாடி வழியே தெரியும். காய்ச்சலோடு அப்படிப்பட்ட புள்ளிகள் இருந்தால் மெனிங்கோகாக்கஸ் பாக்டீரியா ரத்தத்தில் பரவியிருக்கலாம். மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கும் நோய் அது. கருநிறத் தோலில் இச்சோதனையை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செய்து, கீழிமையையும் மேலண்ணத்தையும் பார்க்க வேண்டும். புள்ளிகள் மறைகின்றன என்பதாலேயே கவலை தீர்ந்துவிடாது, ஏனெனில் அந்த நோயின் தொடக்கத் தடிப்பும் அழுத்தினால் மறையக்கூடும். எழுப்பினாலும் எழாத மயக்கம், கழுத்து விறைப்பு, கை கால் சில்லிடுதல், வேகமாக மூச்சு வாங்குதல், தோல் வெளிறிப் பாளம் பாளமாக நிறம் மாறுதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், தடிப்பு எப்படி இருந்தாலும், தடிப்பே இல்லாவிட்டாலும், உடனே புறப்பட வேண்டும்.

வெளிர்நிறத் தோலில் ஒன்றும் கருநிறத் தோலில் ஒன்றுமாக இந்தக் கண்ணாடிச் சோதனையின் இரண்டு படங்களையும், அவற்றின் அடியில் காய்ச்சல் தொடங்கிய நாள், தடிப்பு தோன்றிய நாளும் இடமும், கொடுத்த மருந்துகளும் நேரமும், கடைசியாகப் போட்ட தடுப்பூசியின் தேதி ஆகியவற்றை எழுதிக்கொள்ள வெற்றுக் கட்டங்களையும் அடுத்த வார மருத்துவப் பக்கத்தில் வெட்டி எடுத்துக்கொள்ளும் வகையில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சின்னம்மைப் பொருக்கு பற்றிய திருத்தத்தையும் அதே பக்கத்தில் சேர்த்துவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற குழந்தைநல மருத்துவர்